4 இந்தியர்கள் வாழ்ந்த ருமேனியச் சிற்றூர்: உலகமே வந்து குடியேறிய சுலினா இன்று காலியாவது ஏன்?

ருமேனியாவின் கிழக்குக் கோடியில், டான்யூப் நதி கருங்கடலில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது சுலினா. சின்ன ஊர்தான். 1904-ம் ஆண்டு அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 4,889 பேர். அதில் கிரேக்கர்கள் 2,056. ருமேனியர்கள் வெறும் 803. அதாவது சொந்த நாட்டு ஊரிலேயே அவர்கள் ஆறில் ஒரு பங்குதான்!

பட்டியல் இன்னும் நீள்கிறது. ரஷ்யர்கள் 594, ஆர்மீனியர்கள் 444, துருக்கியர்கள் 268, யூதர்கள் 173, அல்பேனியர்கள் 117. பிறகு ஜெர்மானியர், இத்தாலியர், ஆங்கிலேயர், போலந்துக்காரர், டென்மார்க்கிலிருந்து 6 பேர். கிட்டத்தட்ட கடைசி வரியில், இந்தியர்கள் 4 பேர். அவர்களுக்கும் கீழே எகிப்தியர்கள் 3 பேர்.

ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 20-க்கும் மேற்பட்ட இனத்தவர். இன்று அதே ஊரின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 3,100. கிரேக்கர்கள் 2 சதவீதம்கூட இல்லை. நடுவில் என்னதான் நடந்தது?

பதில் அந்த ஊருக்குள் இல்லை. சுலினா எப்போது பெருத்தது, எப்போது இளைத்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் முடிவு வேறு எங்கோ எடுக்கப்பட்டிருக்கிறது. பாரிஸில், பெர்லினில், புகாரெஸ்ட்டில், சில வருடங்களுக்கு முன்பு மாஸ்கோவில்.

ரோடு இல்லாத ஊர்

முதலில் ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். சுலினாவுக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலை கிடையாது. ரயிலும் கிடையாது. பக்கத்து நகரமான துல்ச்சாவிலிருந்து டான்யூப் வழியாகப் படகில்தான் போக வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர். விரைவுப் படகு என்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பயணிகள் கப்பல் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றிலும் நாணல் காடு, ஏரிகள், சதுப்பு நிலம். 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த டான்யூப் டெல்டா இது.

ஆற்றுக்கு இணையாக ஆறு தெருக்கள். அவற்றின் பெயரும் 'முதல் தெரு', 'இரண்டாம் தெரு' என்றே போகிறது. முதல் தெரு ஆற்றங்கரையை ஒட்டியது. அங்கே நின்றால், சரக்குக் கப்பல் ஒன்று வீட்டு மாடிகளைவிட உயரமாக, கையெட்டும் தூரம் போலத் தெரியும் இடத்தில் கடந்து போகும்.

இன்னொரு விசேஷம். நதியின் நீளத்தைப் பொதுவாக அது பிறக்கும் இடத்திலிருந்துதானே அளப்போம்? டான்யூப்பில் தலைகீழ். கப்பல்காரர்கள் கடலிலிருந்து மேல் நோக்கி அளக்கிறார்கள். அந்த அளவின் பூஜ்ஜியம் சுலினாதான். வியன்னாவிலோ புடாபெஸ்ட்டிலோ ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் பலகையைப் பார்த்தால், அந்த எண் சுலினாவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் சொல்கிறது.

எல்லாம் சேற்றில் தொடங்கியது

ஊர் பழசு. 10-ம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் எழுதிய நூலிலேயே இதன் பெயர் வருகிறது. ஆனால் பல நூற்றாண்டுகள் இது மீனவர்களும் கடற்கொள்ளையர்களும் ஒதுங்கும் ஒரு கரை மட்டும்தான். ஒட்டோமான் துருக்கியர்கள் ஆண்ட காலம் அது.

1829-ல் அட்ரியானோபிள் ஒப்பந்தப்படி டெல்டா ரஷ்யாவின் கைக்குப் போனது. தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

டான்யூப் தன்னோடு கோடிக்கணக்கான டன் வண்டலைக் கொண்டுவரும் நதி. கடலைத் தொட்டதும் ஓட்டம் தளர்கிறது, வண்டல் அப்படியே படிகிறது. முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு உருவாகிவிடுகிறது. துருக்கியர் காலத்தில் இதற்கு எளிய வைத்தியம் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். வெளியே போகும் ஒவ்வொரு கப்பலும் பின்னால் ஒரு பெரிய இரும்பு வாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். சேறு கலைந்துவிடும், கடல் அடித்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான்.

ரஷ்யர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார்கள் என்பது பிரிட்டனின் குற்றச்சாட்டு. ஏனென்றால் ரஷ்யாவுக்கு ஒடெசா என்று சொந்தத் துறைமுகம் இருந்தது. டான்யூப் வழியாகத் தானியம் போனால் ஒடெசாவுக்கு நஷ்டம். பிரிட்டனோ 1846-ல் தானிய இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, டான்யூப் கரையின் கோதுமையையும் சோளத்தையும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த நேரம்.

முகத்துவாரத்தின் ஆழம் 9 அடி அளவுக்கு வந்துவிட்டது. பெரிய கப்பல் சரக்கோடு தாண்ட முடியாது. பாதிச் சரக்கைச் சின்னப் படகுகளில் இறக்கி, திட்டைத் தாண்டி, திரும்பக் கடலில் ஏற்ற வேண்டும். இந்த வேலையில் பிழைத்தவர்கள் ஏராளம், திருடியவர்களும் ஏராளம். 1855-ன் இறுதியில் அடித்த ஒரு புயலில், வெளியே காத்திருந்த 20-க்கும் மேற்பட்ட பாய்மரக் கப்பல்களும் பல சரக்குப் படகுகளும் கரையில் மோதி நொறுங்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு என்று வந்தவர்கள்

கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றது. 1856 மார்ச் 30-ல் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில், இந்தச் சேற்றுப் பிரச்சினைக்கு என்றே தனியாக ஒரு ஏற்பாடு. 'டான்யூப் ஐரோப்பிய ஆணையம்' என்று பெயர். பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா, சார்டினியா, துருக்கி என ஏழு நாடுகள் உறுப்பினர்கள். நேற்று வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஓர் ஆற்றைத் தூர்வாருவது பற்றிப் பேச வேண்டும்!

வேலையை முடிக்க அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் 2 ஆண்டுகள். ஆணையம் நீடித்ததோ 80 ஆண்டுகளுக்கும் மேல்.

தலைமையகம் மேலே கலாட்ஸ் நகரில். கடலோர வேலை முழுக்க சுலினாவில். தலைமைப் பொறியாளராக வந்தவர் சார்லஸ் ஹார்ட்லி என்ற ஆங்கிலேயர், அப்போது வயது 31. டான்யூப் கடலில் சேர மூன்று கிளைகள் உண்டு. ஹார்ட்லிக்குப் பிடித்தது சுலினா இல்லை, தெற்கே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கிளை. ஆனால் அதற்குப் பணம் நிறையத் தேவை. அதுவரை சமாளிக்க, தற்காலிகமாக சுலினாவில் ஏதாவது செய்வோம் என்று முடிவானது.

அவர் செய்தது இதுதான். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் இல்லையா? அதேதான். முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் நீளும் இரண்டு தடுப்புச் சுவர்கள், மரத் தூண்களும் கற்களும் கொண்டு. ஆறு பரந்து தளர்ந்துபோக இடமில்லாமல், குறுகலான வழியில் வேகமாக ஓடி, தன் சேற்றைத் தானே ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். 1858-ல் வேலை ஆரம்பித்தது. 1861-ல் முடிந்தபோது ஆழம் 9 அடியிலிருந்து சுமார் 17 அடியாகியிருந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் ஹார்ட்லிக்கு சர் பட்டம் கொடுத்தது. செயின்ட் ஜார்ஜ் கிளையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

தற்காலிகச் சுவர் நிரந்தரமானது. தற்காலிக ஆணையமும் நிரந்தரமானது. அடுத்து ஆற்றின் வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டி நேராக்கினார்கள். 1902-ல் அந்த வேலை முடிந்தபோது, 80 கிலோமீட்டருக்கும் அதிகமாக வளைந்து நெளிந்து வந்த சுலினா கிளை சுமார் 63 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது.

இந்த ஆணையத்தைச் சும்மா ஒரு பொறியியல் கமிட்டி என்று நினைத்துவிடக் கூடாது. தனக்கென்று கொடி வைத்திருந்தது. கப்பல்களிடம் கட்டணம் வசூலித்தது, கடன் வாங்கியது, விதிகள் போட்டது, மீறியவர்களுக்கு அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நூறு வருடம் முந்தைய ஒத்திகை என்று இதை வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதனால்தான்.

ஆணையத்தின் சம்பளத்தில் ஒரு ஊர்

சுலினா ஊராக எழுந்தது இந்தப் பணத்தில். ஆணையத்துக்கு 1860-களில் ஆற்றங்கரையில் ஒரு மாளிகை, 1870-ல் ஒரு கலங்கரை விளக்கம், பட்டறைகள், மருத்துவமனை, குடிநீர் நிலையம். அதே 1870-ல் சுலினா சுங்க வரி இல்லாத சுதந்திரத் துறைமுகமாகவும் ஆனது. 1878 பெர்லின் ஒப்பந்தத்தில் ஊர் ருமேனியாவுக்குக் கை மாறினாலும், ஆற்றில் அதிகாரம் ஆணையத்திடமே இருந்தது.

வரி இல்லை, கப்பல் நிற்கிறது, சம்பளம் கிடைக்கிறது. ஆட்கள் வராமல் இருப்பார்களா? கிரேக்கர்கள் வழிகாட்டி மாலுமிகளாகவும் படகு முதலாளிகளாகவும் கடைக்காரர்களாகவும் வந்தார்கள். ஆர்மீனியர்களும் யூதர்களும் வியாபாரத்துக்கு வந்தார்கள். தெருவில் கேட்கும் மொழி கிரேக்கம், அலுவலகத்தில் பிரெஞ்சு, கப்பலில் ஆங்கிலம். 1904 கணக்கில் வந்த அந்த 4 இந்தியர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள்தான்.

குடிநீர்த் தொட்டி பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. நெதர்லாந்து ராணி ஒருமுறை இந்தப் பக்கம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாராம். வந்த தண்ணீரின் கலங்கலைப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கப் பணம் கொடுத்தாராம். உண்மையில் கட்டியது ஆணையம். ஆனாலும் ராணி கதையைத்தான் ஊர் விரும்புகிறது, அதில் தப்பு சொல்ல முடியாது.

இந்தக் காலத்தை நாவலாக எழுதியவர் ஜான் பார்ட் என்ற புனைபெயர் கொண்ட எஜெனியூ போடெஸ். கடற்படை அதிகாரி, சுலினா துறைமுகத்திலேயே பணி செய்தவர். 1933-ல் வந்த அந்த நாவலின் பெயர் 'யூரோபோலிஸ்'. வெளிநாடு போன கிரேக்கர் ஒருவர் பல வருடம் கழித்து, கறுப்பினத் தாய்க்குப் பிறந்த தன் மகளோடு ஊர் திரும்புகிறார். கோடீஸ்வரனாகத்தான் வந்திருக்கிறார் என்று ஊரே கற்பனை செய்துகொண்டு மொய்க்கிறது. பணம் இல்லை என்று தெரிந்ததும்? அங்கேதான் நாவல் கசக்கிறது. 'எல்லா இனமும் கலந்து வாழ்ந்த சொர்க்கம்' என்று சுலினாவைப் பற்றி இன்று எழுதும் சுற்றுலாக் கட்டுரைகளுக்கு இந்த நாவல் நல்ல மாற்று மருந்து.

கல்லறைத் தோட்டம் சொல்வது

அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கை இன்றைக்கும் நேரில் பார்க்க வேண்டுமென்றால், ஊருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், முஸ்லிம், யூதர் என்று பகுதி பகுதியாக, அக்கம்பக்கமாக. கிரேக்க எழுத்து, ஆங்கிலம், ஹீப்ரு, அரபு எழுத்து. ஆணையத்தின் பொறியாளர்கள், நீராவிக் கப்பல்களின் மாலுமிகள், கடற்கொள்ளையன் என்று ஊர் சொல்லும் ஒரு கிரேக்கர், ஓர் இளவரசி.

1868-ல் நீரில் மூழ்கிய 23 வயதுப் பெண் ஒருத்தியும் அங்கே இருக்கிறாள். அவளைக் காப்பாற்றக் குதித்து உயிரைவிட்ட கப்பல் அதிகாரியும் இருக்கிறான். அவனுக்கு வயது 25. இருவருமே பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி.

படிப்படியாக இறங்கியது

முதல் உலகப் போருக்குப் பிறகு ஆணையத்தில் மிஞ்சியது பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ருமேனியா மட்டும். தன் மண்ணில் ஓடும் ஆற்றில் அந்நியர்கள் அதிகாரம் செய்வதா என்ற கோபம் ருமேனியாவுக்கு. நியாயமான கோபம்தான், வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய் 1927-ல் கருத்துரையும் வந்தது. 1931-ல் சுதந்திரத் துறைமுக அந்தஸ்து போனது. 1938-ல் சினாயா ஒப்பந்தத்தில் ஆணையத்தின் அதிகாரங்களில் பெரும்பகுதி ருமேனியாவுக்குக் கிடைத்தது.

நாட்டின் இறையாண்மை ஜெயித்தது. ஊருக்குக் கிடைத்த சம்பளம் போனது. சுலினாவின் கதையில் சிக்கலான இடம் இதுதான், ஏனென்றால் இரண்டுமே உண்மை.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி சேதமானது. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி. தனியார் வியாபாரமே இல்லை என்றான பிறகு வியாபாரிகளுக்கு அங்கே என்ன வேலை? கிரேக்கர்களும் மற்றவர்களும் கிளம்பினார்கள். அதற்குப் பதிலாக மீன் பதப்படுத்தும் ஆலை, கப்பல் பழுதுபார்க்கும் தளம், அரசு வேலை. நாட்டின் மற்ற இடங்களிலிருந்து ருமேனியர்கள் வந்து குடியேறினார்கள். ஊரின் முகங்கள் மாறின.

அடுத்த அடி 1984-ல். செர்னவோடாவிலிருந்து கருங்கடலுக்கு நேராக வெட்டிய டான்யூப்–கருங்கடல் கால்வாய் திறக்கப்பட்டது. 64 கிலோமீட்டர் கால்வாய், சுமார் 400 கிலோமீட்டர் பயணத்தை மிச்சப்படுத்தியது. மேலிருந்து வரும் சரக்கு நேராக கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்துக்கே போகலாம் என்றால் சுலினாவை யார் சுற்றிக்கொண்டு வருவார்கள்?

1989-ல் ஆட்சி மாறியது, ஆலைகள் நலிந்தன. பிறகு மக்கள்தொகை எண்களை வரிசையாகப் பார்த்தாலே போதும். 1990-களின் தொடக்கத்தில் 5,000-க்கு மேல். 2002-ல் சுமார் 4,600. 2011-ல் 3,663. 2021-ல் சுமார் 3,100. முப்பது வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு பேர் இல்லை. 2007-ல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கவே இளைஞர்கள் வேலை தேடி இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். சாலையே இல்லாத ஊரில் அது இன்னும் பலமாக உறைக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவே வேலைக்கு வந்த ஊர் இது.

நீதிமன்றத்துக்குப் போன சுவர்

ஹார்ட்லியின் சுவர்கள் அதன் பிறகும் வளர்ந்துகொண்டே போயின. வண்டல் முன்னேற முன்னேற, சுவரையும் நீட்ட வேண்டும். இன்று அவை கடலுக்குள் சுமார் 7.5 கிலோமீட்டர் நீள்கின்றன. கடல் ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. 1870-ல் கப்பல்களுக்காகக் கட்டிய கலங்கரை விளக்கம் இப்போது கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக உள்ளே, வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. அதை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

இந்தச் சுவர் தி ஹேக் வரை போனது இன்னொரு கதை. கருங்கடலில் ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் எல்லைத் தகராறு. சுவரின் கடல் பக்க நுனியிலிருந்து எல்லையை அளக்க வேண்டும் என்றது ருமேனியா. நீண்ட சுவர், அதிகக் கடல்! 2009 பிப்ரவரி 3-ல் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, சுவர் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்துதான் அளந்தது. ஆனாலும் சர்ச்சைக்குரிய பரப்பில் சுமார் 80 சதவீதம் ருமேனியாவுக்கே கிடைத்தது. அந்த வழக்கில் அடிபட்ட இன்னொரு பெயர் பாம்புத் தீவு. சுலினாவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் உக்ரைனின் குட்டித் தீவு.

அந்தப் பெயர் உலகத்துக்கே தெரியவந்தது 2022 பிப்ரவரி 24-ல், போரின் முதல் நாளிலேயே ரஷ்யா அதைப் பிடித்தபோது.

திரும்பவும் கோதுமை

ஒடெசா முடங்கியதும், உக்ரைனின் தானியத்துக்கு மிஞ்சிய கடல் வழிகளில் முக்கியமானது டான்யூப். இஸ்மாயில், ரெனி போன்ற சின்ன ஆற்றுத் துறைமுகங்களில் ஏற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். நுழையும் கப்பலுக்கும் சுலினாதான் வாசல். 2022 கோடையில் சுலினாவுக்கு வெளியே கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன. வழிகாட்டி மாலுமிகள் போதவில்லை, கூடுதல் ஆட்களை எடுக்க வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் கருங்கடல் தானிய ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகி, ரெனியையும் இஸ்மாயிலையும் ட்ரோன்களால் தாக்க ஆரம்பித்தபோது அந்த வரிசை மறுபடி நீண்டது.

1850-களில் ஒடெசாவுக்காக சுலினாவை அடைத்தார்கள் என்று புகார். 2022-ல் ஒடெசா அடைபட்டதால் சுலினாவுக்குக் கூட்டம். சரக்கு அதேதான், கோதுமையும் சோளமும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அன்று கப்பல் சுலினாவில் நின்றது. நிலக்கரி வாங்கியது, சரக்கை மாற்றியது, மாலுமிகள் இறங்கிக் குடித்தார்கள், செலவழித்தார்கள். கடைகளும் கிரேக்கர்களும் அதனால் இருந்தார்கள். இன்று வழிகாட்டி மாலுமி ஒரு சின்னப் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறிக்கொள்கிறார். கப்பல் நிற்பதில்லை. முதல் தெரு வழியாக மெதுவாக மேலே போய்விடுகிறது.

கோடை வந்தால் கடற்கரைக்கும் பறவைகளைப் பார்க்கவும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், விடுதிகள் நிறைகின்றன. செப்டம்பர் தாண்டினால் வெறிச்சோடிவிடும். கடும் குளிர் வருடங்களில் ஆறு உறையும்போது பனிக்கட்டியை உடைக்கும் கப்பல் முன்னால் போக, பின்னால்தான் பயணிகள் கப்பல் வர வேண்டும். கிரேக்கத் தேவாலயம் இன்னும் இருக்கிறது. ஆணையத்தின் மாளிகையும் இருக்கிறது, அதன் எதிரே ஓடும் தண்ணீரைத் தூர்வாரும் வேலையும் நிற்கவில்லை.